ராசாவை வாசலில் நிறுத்தினார்கள்

நாடகம் போடவென்று என் கணவரைத் தேடி வந்த அந்தத் தம்பியை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. குறை சொல்லும்படி அவர் ஒன்றும் செய்யவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார், என்னை அக்கா என்றார். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கண் என் கணவரின் முகத்தில் நிற்கவில்லை. குளியலறைக் கதவில் கொழுவியிருந்த யூனிபோர்மிலேயே நின்றது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் ஓர் அப்பார்ட்மென்டில் இருந்தோம். என் கணவருக்கு நகரத்துக்குள் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் செக்கியூரிட்டி வேலை. சாம்பல் கால்சட்டை, வெள்ளைச் சேட், தோளில் ஒரு பட்டி, தொப்பி. நான் ஒரு பக்டரியில் பெட்டி அடுக்கினேன். ஆராவது கேட்டால் "அவர் டவுன்ரவுனில வேலை" என்று சொல்வோம். அதற்கு மேல் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். டவுன்ரவுனில் பாத்திரம் கழுவினாலும் அது டவுன்ரவுன்தானே.

யாழ்ப்பாணத்தில் அவர் இசை நாடகக்காரர். வசனம் கொஞ்சம், பாட்டு முழுக்க. அவருக்கு எப்போதும் ராசா வேடம். பொய் சொல்லமாட்டேன் என்று நாட்டை இழந்து, பெண்சாதியையும் பிள்ளையையும் விற்று, கடைசியில் சுடலை காவல்காரனாக நின்று, செத்த தன் பிள்ளையையே கூலி தராமல் எரிக்கக்கூடாது என்று மறித்த ராசாவின் கதை. பெயர் சொல்லத் தேவையில்லை. அந்தக் கதையைக் கேளாத தமிழர் இல்லை. இவர் சுடலைப் பாட்டை எடுத்தால் கோயில் வீதியில் கச்சான் கடலை விற்கிறவளும் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நிற்பாள். நானே கண்டிருக்கிறேன். கலியாணத்துக்கு முதல் நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவள்தான்.

ரொறன்ரோவுக்கு வந்தபின் ஒரே ஒருமுறை பாடினார். ஓர் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடல். பாதிப் பாட்டில் கொத்துரொட்டி வந்துவிட்டது. சனம் எழும்பி வரிசையில் போய் நின்றது. ஒருத்தர் தட்டோடு மேடைக்குக் கீழே வந்து, "அண்ணை, கெதியா முடியுங்கோ, சாப்பாடு ஆறுது" என்றார். இவர் முடித்துவிட்டு இறங்கினார். அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. குளிக்கும்போதுகூட ஒரு முணுமுணுப்பு இல்லை. ஊரில் எங்கள் வீட்டுக் கிணற்றடிச் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். இங்கே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான். எங்கள் மகனுக்குத் தகப்பன் பாட்டுக்காரர் என்றே தெரியாது. இன்னொருமுறை இவரை அவமானப்படுத்தினார்கள் என்றால் அந்தக் குரல் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். ஆகவே வருகிற ஆள் ஒவ்வொருவரையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

வந்த தம்பி நாடகம் படித்தவராம். பல்கலைக்கழகம், பெரிய பேச்சு.

"அண்ணை, எனக்குக் கிரீடம் வேண்டாம். சரிகை வேண்டாம். சீன் துணி வேண்டாம். ஆர்மோனியத்தையும் கொஞ்சம் குறைப்பம்" என்றார்.

"பருப்பில்லாமல் கலியாணமோ?" என்று நான் குசினிக்குள் இருந்து கேட்டேன்.

"பருப்பு இருக்கும் அக்கா. வேற சட்டியில இருக்கும்."

இப்படிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கதையை அழகாக்கிவிட்டுப் போவார்கள்.

அதன் பிறகுதான் கேட்டார்: "அண்ணை, உந்த உடுப்பு உங்கட வேலை உடுப்போ?"

"ஓம்."

"ராசா அதைத்தான் போடப்போறார்."

நான் அகப்பையோடு வெளியே வந்துவிட்டேன். "தம்பி, ஒரு டொக்டரைப் பிடிச்சு ராசாவாக்கி, அவற்ற வெள்ளைக் கோட்டோட மேடையில ஏத்துமன். ஏன் இவரைத் தேடி வந்தனீர்?"

"டொக்டர் சுடலை காக்கிறேல்லையே அக்கா."

என் கணவர் சிரித்தார். எனக்கு இன்னும் கோபம் வந்தது. இவருக்கு ஒரு பழக்கம்: சிரித்தால் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம்.

தம்பி போனபின் இவரோடு சண்டை பிடித்தேன். "உங்களை வைச்சுப் பகிடி பண்ணப்போறாங்கள். சனம் ஆயிரம் கதை கதைக்கும். வாச்சர் வேலை செய்யிறார் எண்டதை மேடையேத்திக் காட்டவேணுமோ?"

"இஞ்சாரும், சுடலை காத்தவன் வாச்சர்தானே" என்றார். "நான் இவ்வளவு காலமும் கிரீடத்தைக் கழட்டிப்போட்டு ஒரு கறுப்புத் துணியைச் சுத்திக்கொண்டு, வாச்சராய் நடிச்சனான். இப்பதான் உண்மையில வாச்சர். எப்பிடி நிக்கிறதெண்டு இப்பதான் தெரியும்."

எப்படி நிற்பது என்றால் என்ன என்று கேட்டேன். அப்போதுதான் வேலைக் கதை ஒன்று சொன்னார். வேலையைப் பற்றி வீட்டில் பேசாதவர். அந்தக் கட்டடத்துக்கு வருகிறவர்கள் வாசலில் இருக்கும் புத்தகத்தில் பெயரெழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் லிஃப்ற்றுக்குப் போகவேண்டும். வெள்ளைக்காரர் வைப்பார்கள், சீனர் வைப்பார்கள். ஒரு தமிழர் மட்டும் கோட்டும் சூட்டுமாக வந்து விறுவிறுவென்று போய்விடுவாராம். "சேர், சைன் பிளீஸ்" என்றால் திரும்பியும் பார்க்கமாட்டாராம்.

"தமிழில கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டா அவருக்கு வெக்கமாய்ப் போகும்" என்றார்.

அவருக்கு வெட்கமா, உங்களுக்கா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

ஒத்திகை ஒரு பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் நடந்தது. சனி ஞாயிறுகளில் நானும் போய் ஒரு மூலையில் இருந்தேன். காவலுக்குத்தான். பெண்சாதி வேடத்துக்கு ஒரு பிள்ளை வந்திருந்தது, நல்ல சின்னக் குரல். அதற்கு டோனற் விற்கிற கோப்பிக் கடையில் வேலை செய்கிறவர்களின் உடுப்பும் தொப்பியும். சுடலை என்பது ஒரு மேசை, ஒரு கதிரை, வாச்சர்மார் கமராவைப் பார்க்கிற ஒரு சின்ன ரீவி. ஆர்மோனியக்காரரைத் திரைக்குப் பின்னால் இருத்திவிட்டார்கள். அவர் வயதானவர். "என்னையும் பிணமாக்கிப் போட்டாங்கள் பிள்ளை" என்று என்னிடம் முறையிட்டார்.

செத்த பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேள்வி வந்தது. ஊரில் துணியில் பொம்மை செய்து வெள்ளையால் சுற்றுவோம். தம்பி யோசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, உங்கட மகன் பனிக்குப் போட்ட பழைய ஸ்னோ சூட் ஏதும் இருக்கோ? வெறும் உடுப்பு மட்டும். அதைத் தூக்கிக்கொண்டு வந்தா..."

"உயிரோட இருக்கிற பிள்ளையின்ர உடுப்பைப் பிணமாக்கத் தரமாட்டன். இனி உதை என்னட்டைக் கேட்டீரெண்டா நடக்கிறது வேற."

"சொறி அக்கா" என்றார். ஆனால் முகத்தில் ஒரு சந்தோசம். நான் கோபப்பட்டதும் அவருக்கு ஏதோ விளங்கிவிட்டது. அதுதான் எனக்கு அவரில் பெரிய சந்தேகம். ஆட்களுக்கு எங்கே நோகும் என்று தேடித் திரிகிறவர். பிறகு கடையில் ஒரு நீல ஸ்னோ சூட்டைப் புதிதாக வாங்கி வந்தார். விலைத் துண்டைக்கூடக் கழற்றவில்லை.

கடைசி ஒத்திகையில்தான் பெரிய பிரச்சினை. கதையின் முடிவில் சிவபெருமான் வருவார், பிள்ளை எழும்பும், நாடு திரும்பக் கிடைக்கும், எல்லாரும் நின்று மங்களம் பாடுவார்கள். தம்பி அதை முழுதாக வெட்டிவிட்டார். காவல்காரன் பெண்சாதியை அடையாளம் காண்பான், ஆனாலும் கூலி கேட்பான், பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் மண்டபத்து வாசல் கதவைத் திறந்துவிட்டு நிற்பான். சனம் வீட்டுக்குப் போகவேண்டும். அவ்வளவுதான்.

"மங்களம் இல்லாமலோ?" என்று இவர் கேட்டார்.

"அண்ணை, சண்டையில செத்த எங்கட பிள்ளையள் எழும்பினவையோ? ஏன் பொய்க்கு எழுப்புவான்?"

இவர் சிரிக்கவில்லை. சுடலைக் கதையை எடுத்தால் மங்களம் பாடாமல் எழும்பக்கூடாது என்பது அவர்களுடைய தொழில் கட்டுப்பாடு. மழை வந்து கொட்டகை சரிந்தாலும் இரண்டு வரி பாடிவிட்டுத்தான் இறங்குவார்கள். இல்லாவிட்டால் அந்தச் சாவு பார்க்க வந்த சனத்தோடு அவர்களுடைய வீட்டுக்குப் போகும். இவருக்கு வேறு நம்பிக்கை அதிகம் இல்லை, இது மட்டும் உண்டு.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஸ்காபரோவில் ஓர் உயர்தரப் பள்ளிக்கூட ஹோலில். வெளியே சேறாகிப்போன பனி. மகனைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் விட்டுவிட்டு வந்தேன். சுடலை நாடகத்துக்கு அவனைக் கூட்டிவர மனம் இல்லை.

வாசலுக்கு வந்தால் அங்கே என் கணவர் நிற்கிறார். முழு யூனிபோர்மில். இடுப்பில் டோர்ச் லைற். மீசையை எடுத்துவிட்டார்கள். என்னைக் கண்டதும் கண்ணால் "போ" என்றார். எனக்கு இதைப்பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நான் போகவில்லை. கோட்டுகள் கொழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

சனம் வரத் தொடங்கியது. இவர் கதவைத் திறந்துவிடுகிறார், ரிக்கற்றைக் கிழிக்கிறார். ஊரில் இவரைப் பார்க்க நடந்து வந்த சனம்தான் அது. பவுடரும் மையும் கிரீடமும் இல்லாத முகம் அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, பார்க்கவில்லை. யூனிபோர்மைக் கண்டார்கள், அதோடு சரி.

பட்டுச் சேலைக்கு மேல் பெரிய ஜக்கெற் போட்ட ஒரு மனுசி, "எக்ஸ்கியூஸ் மீ, வாஷ்ரூம்?" என்றா. இவர் கையைக் காட்டினார். அவ பக்கத்தில் வந்தவவிடம், "எங்கட ஆள் மாதிரிக் கிடக்கு" என்றா.

"சீ, கயானாக்காரன். எங்கட ஆளெண்டா சிரிச்சிருப்பான்."

கயானாவிலிருந்து வந்த இந்திய வம்சத்தவர் பார்வைக்கு எங்களைப் போல இருப்பார்கள், தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில் ஓர் இளந்தாரி தமிழில் சத்தமாகச் சொன்னான்: "உவங்களுக்கு நிண்டுகொண்டு நித்திரை கொள்ளத்தான் சம்பளம், மச்சான்." இவர் அவனுக்கும் கதவைத் திறந்துவிட்டார். "தாங்க்யூ" என்றுவிட்டுப் போனான்.

கடைசியாகச் சங்கத் தலைவர் வந்தார். இவருக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாக எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னவர். போனில் குரல் கேட்டதுதான், ஆளை நான் அன்றைக்குத்தான் கண்டேன். கோட்டு, சூட், கையில் பொன்னாடைப் பை. காரைக் கதவுக்கு நேரே, தீயணைப்பு வண்டி நிற்கிற இடத்தில் விட்டுவிட்டு வந்தார்.

"சேர், நோ பார்க்கிங் தேர்" என்றார் இவர்.

"ஐ ஆம் த பிரெசிடென்ற்" என்றார் தலைவர். பிறகு கூட வந்தவரிடம் திரும்பி, "உந்த வாச்சருக்கு நான் ஆரெண்டு சொல்லிவிடும். படிப்பில்லாததுகளை எல்லாம் வாசலில விட்டா இதுதான் பிரச்சினை" என்றார். ரிக்கற்றும் காட்டாமல் விறுவிறுவென்று உள்ளே போனார்.

நான் ஒரு அடி முன்னுக்கு வைத்துவிட்டேன். இவர் தலையை மெல்ல ஆட்டி என்னை நிறுத்தினார். முகத்தில் கோபம் இல்லை. தெரிந்த ஆளைக் கண்டது போல ஒரு முகம். எனக்கு அது விளங்கவில்லை. எல்லாம் அந்தத் தம்பியின் வேலை என்று மட்டும் விளங்கியது. நடிக்க என்று கூட்டிவந்து, இத்தனை பேரிடமும் பேச்சு வாங்க வைத்திருக்கிறார்.

உள்ளே முதலில் வழக்கமான உரைகள். தலைவர் மைக்கைப் பிடித்தார். இன்று மேடையேறப்போகும் கலைஞரைத் தான் ஊரில் முன்வரிசையில் இருந்து பார்த்து வியந்ததாகவும், அந்த முகம் இன்னும் தன் கண்ணுக்குள் நிற்பதாகவும் சொன்னார். சனம் கைதட்டியது. நான் என் கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

வெளிச்சம் போனது. திரை இல்லை. மேடையில் மேசையும் கதிரையும் ரீவியும். ஆள் இல்லை. அப்படியே கொஞ்ச நேரம் போனது.

"கரண்ட் போட்டுதோ?"

"இல்லை, ராசா இன்னும் ட்ராபிக்கில நிக்கிறார்."

சிரித்தார்கள். அப்போது பின்கதவடியில் பாட்டு எழும்பியது. சுடலைப் பாட்டு. ஆர்மோனியம் இல்லாமல், மைக் இல்லாமல். வருடக்கணக்காக நான் கேட்காத குரல். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற வாச்சர் டோர்ச் லைற்றை அடித்துக்கொண்டு நடுப்பாதையால் பாடிக்கொண்டு வருகிறார்.

"டேய், உந்த வாச்சருக்கு என்ன விசரோ?"

தொண்டர் ஒருவர், கையில் பட்டி கட்டிய ஆள், ஓடிவந்து இவரைத் தோளில் பிடித்துவிட்டார். "பிரதர், பிரதர், பிளீஸ். ட்ராமா ஸ்ராற்றிங்."

இவர் பாட்டை நிறுத்தாமல் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார். பட்டுச் சேலை மனுசி எழும்பியே நின்றுவிட்டா. "கயானாக்காரன் தமிழில பாடுறான்!"

"வாயை மூடு. அது அவர்தான்" என்றது பின்னால் ஓர் ஆண் குரல்.

விளங்கியதும் சனத்துக்குச் சந்தோசம் வரவில்லை. கோபம்தான் வந்தது. வாசலில் தாங்கள் பேசியதெல்லாம் நாடகம் என்று இப்போதுதான் அவர்களுக்குத் தெரிகிறது. "எங்களைப் பேயனாக்கிப் போட்டாங்கள்" என்று ஒருத்தர் உறுக்கினார். தலைவர் முன்வரிசையில் ஆடாமல் இருந்தார். அவருடைய கழுத்துப் பின்புறம்தான் எனக்குத் தெரிந்தது. பொன்னாடைப் பையை மடியிலிருந்து எடுத்துக் காலுக்குக் கீழே வைத்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சந்தேகம். காவல்காரன் பிணத்துக்குக் கூலி கேட்டபோது, "இது போராட்டத்துக்கெண்டு வீடு வீடாய்க் காசு சேர்க்கிற ஆக்களைச் சொல்லுறான்" என்று எனக்கு முன்னால் குசுகுசுத்தார்கள். டோனற் கடை உடுப்பில் பெண்சாதி வந்தபோது, "எங்கட பெம்பிளையள் வேலைக்குப் போறதை நக்கலடிக்கிறான்" என்றார்கள். பொய் சொல்லமாட்டேன் என்று ராசா பாடிய இடத்தில், "அகதிக் கேசில பொய் சொன்னவைக்குக் குத்துறான், பார்" என்று ஒருத்தர் எழும்பிக் குடும்பத்தோடு போனார். இருந்த ஒவ்வொருவருக்கும் அது தன்னைத்தான் சொல்கிறது என்று பட்டது. எனக்கும்தான். என் புருசனைக் கூட்டி வந்து எங்கள் சீவியத்தைக் காட்டுகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். யாராவது எழும்பிக் கூக் காட்டினால் நான் மேடையேறி இவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்திருந்தேன்.

பெண்சாதி ஸ்னோ சூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கைகளில் அது சும்மா தொங்கியது. விலைத் துண்டு ஆடியது.

"சேலில மலிவா வாங்கினது போல" என்றான் அந்த இளந்தாரி. கொஞ்சப்பேர் சிரித்தார்கள்.

அவள் அதை மேசையில் கிடத்தினாள். காலைச் சேர்த்துவிட்டாள். சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள், குளிர் படாமல். அவ்வளவுதான் செய்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குத் தெரியும் ஏன் என்று. பள்ளிக்கூட நாட்களில் காலையில் பஸ் வருமுன் அந்த ஹோலில் இருந்த ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் சிப்பை அப்படித்தான் இழுத்துவிடுவாள்.

கூலிக்கு அவளிடம் ஒன்றும் இல்லை. கழுத்தில் இருக்கிற தாலியைக் கொடு என்கிறான் காவல்காரன். அந்தத் தாலி கட்டினவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்பது கதை. இவர் டோர்ச் லைற்றை அவள் கழுத்தில் அடித்தார். ஒளி அங்கேயே நின்றது. பாட்டு அப்படியே தேய்ந்து நின்றது.

பிறகு இவர் தொப்பியைப் போட்டார். நடுப்பாதையால் திரும்பி வந்து வாசல் கதவைத் திறந்தார். ஹோல் வெளிச்சம் போட்டார்கள். பனிக்காற்று உள்ளே வந்தது. நாடகம் முடிந்துவிட்டது.

ஒருவரும் எழும்பவில்லை.

"முடிஞ்சுதோ?"

"எங்கை சிவபெருமான்?"

"அவருக்கு விசா கிடைக்கேல்லையாக்கும்."

"பகிடியை விடு. உதென்ன முடிவு? பிள்ளை அங்க கிடக்குது."

மேடையில் வெளிச்சத்துக்குள் ஸ்னோ சூட் கிடந்தது. சத்தம் கூடியது. மங்களம் எங்கே, எங்களைச் சுடலையில் விட்டுவிட்டா வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள் என்று கத்தினார்கள். கதிரையைத் தட்டினார்கள். நான் தம்பியைத் தேடினேன். மேடைப் பக்கச் சுவரோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதட்டில் அதே சந்தோசம். சனத்துக்கு நொந்துவிட்டது, அவருக்கு அது போதும். அவர் வாசலில் நின்ற இவரைப் பார்த்துக் கையால் காட்டினார்: கதவைத் திறந்தபடி நில்லுங்கோ.

அப்போது நடு வரிசையில் ஒரு மனுசி எழும்பினா. கத்தவில்லை. வாசல் பக்கம் திரும்பி, இவரைப் பார்த்துச் சொன்னா:

"தம்பி, பிள்ளையை எழுப்பிப்போட்டுப் போ அப்பன்."

அவ ஆர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அது நாடகம் பார்க்க வந்த ஆளின் குரல் இல்லை. ஊரில் சண்டை நடந்து, அங்கிருந்து போன் வந்தால் சாவுச் செய்தியோ என்று எடுக்கப் பயந்த காலம் அது. எல்லாருக்கும் அந்தக் குரலைத் தெரிந்திருந்தது. ஹோல் அடங்கியது.

என் கணவர் தம்பியைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். அங்கேயே, சப்பாத்துச் சேறும் ஈரமுமாய்க் கிடந்த வாசலில் நின்றுகொண்டு மங்களத்தைத் தொடங்கினார்.

முதல் வரியைத் தனியாகத்தான் பாடினார். இரண்டாம் வரியில் திரைக்குப் பின்னால் இருந்து ஆர்மோனியம் வந்து சேர்ந்தது. மேடையில் பெண்சாதியாய் நடித்த பிள்ளை ஓடிவந்து ஸ்னோ சூட்டைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டது, நித்திரையான பிள்ளையைத் தூக்குவதுபோல. அதையும் ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சனம் எழும்பி நின்றது. கைதட்டவில்லை. கோயிலில் நிற்பதுபோல நின்றது. இப்போது எல்லாரும் வாசலில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்தார்கள்.

பாட்டு முடிந்ததும் தலைவருக்குத்தான் கஷ்டம். பொன்னாடையை எடுத்தாயிற்று, ஆனால் மேடையில் கலைஞர் இல்லை. கலைஞர் வாசலில் நிற்கிறார். ஆகவே தலைவர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஹோலின் முழு நீளமும் நடந்து வரவேண்டியிருந்தது. எல்லாரும் வழிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

போர்க்கக் கையைத் தூக்கினார். இவர் ஒரு அடி பின்னுக்கு வைத்தார்.

"டியூட்டியில நிக்கேக்க யூனிபோர்முக்கு மேல ஒண்டும் போடேலாது, ஐயா."

ஹோல் வெடித்துச் சிரித்தது. தலைவரும் சிரித்தார், வேறு வழி இல்லை. இவர் பொன்னாடையைக் கையில் வாங்கி எனக்குத் தந்தார்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பாட்டைப் பற்றிச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். பட்டுச் சேலை மனுசி இவருடைய கையைப் பிடித்து, "தம்பி, குறை நினையாதேங்கோ. நீங்களெண்டு தெரிஞ்சிருந்தா அப்பிடிச் சொல்லியிருப்பமே?" என்றா.

எனக்குத் தாங்கவில்லை. "இவர் இல்லாமல் உண்மையா ஒரு கயானாக்காரன் நிண்டிருந்தா சொல்லலாமோ?" என்று கேட்டுவிட்டேன். அவ இவருடைய கையை விட்டுவிட்டுப் போய்விட்டா. நித்திரை பற்றிச் சொன்ன இளந்தாரி அடுத்த கதவால் போனான்.

தம்பி வந்தார். "அண்ணை, என்ர நாடகத்தைக் கெடுத்துப்போட்டியள்."

"ஓம்" என்றார் இவர். "பிள்ளையைச் சுடலையில விட்டிட்டு ஆக்களை எப்பிடித் தம்பி வீட்டை அனுப்பிறது?"

ஆனால் பிறகு தம்பி மொன்றியலில் இதே நாடகத்தைப் போட்டபோது மங்களத்தை வாசலில் வைத்தே பாடவைத்தார். அது தன்னுடைய யோசனை என்று ஒரு தமிழ் வானொலியில் சொன்னதை நானே கேட்டேன். அவர் என் கணவருக்கு நல்லது செய்தாரா, அவரை வைத்துத் தன் பெயரை வளர்த்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும் என்று இவர் சொல்கிறார். இரண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

அன்றைக்குப் பொழுதுபட இவருக்கு ஷிப்ட் இருந்தது. யூனிபோர்ம் போட்டபடிதானே, அப்படியே பஸ்ஸுக்கு நடக்கலாம் என்று வெளியே வந்தோம். தலைவர் தன் காருக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியில் பிழையான இடத்தில் காரை விட்டதற்குத் தண்ட ரிக்கற் ஒன்று செருகியிருந்தது. எங்களைக் கண்டதும் அதை இழுத்துப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

"ஏறுங்கோ, நான் கொண்டுபோய் விடுறன். எங்கை வேலை?"

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் இவர் முன் சீற்றில் ஏறிவிட்டார். நான் பொன்னாடைப் பையோடு பின்னால் ஏறினேன். இவர் இடத்தைச் சொன்னார்.

"அங்கயோ? அந்தக் கண்ணாடிக் கட்டடமோ? என்ர இன்சூரன்ஸ்காரற்ற ஒபிஸ் அங்கதானே இருக்கு. வியாழனில வியாழன் வாறனான். உங்களை நான் ஒருநாளும் காணேல்லையே!"

"நான் காணுறனான், ஐயா" என்றார் இவர், மரியாதையாகத்தான். "நீங்கள் புத்தகத்தில கையெழுத்து வைக்காமல் போறனீங்கள்."

தலைவர் வைப்பரைப் போட்டுவிட்டு முன்னுக்குப் பார்த்து ஓட்டினார்.

அடுத்த வியாழக்கிழமை இவர் வேலையால் வந்து குளிக்கப் போனார். நான் கதவடியில் நின்று கேட்டேன்: "அவர் வந்தவரோ? கையெழுத்து வைச்சவரோ?"

"வைச்சவர்" என்று உள்ளே இருந்து சொன்னார். சொல்லிவிட்டு, பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.